அடுப்புக்கு மேலே பிரித்த கூரை

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மார்கழி வந்தால் பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். எட்டாவதுக்கு மேல் படித்தவள் இல்லை நான். அதனால் வந்த கூச்சம் கொஞ்சம். பெரிய தயக்கம் அப்பாவை நினைத்துத்தான். டீக்கடையில் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவர் அவர். இதை எங்காவது பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்காது என்று பயந்தேன். போன வருஷம் ஆவணியில் அப்பா போய்ச் சேர்ந்தார். வருஷத் திதியும் கொடுத்து முடித்தாயிற்று. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி, பாரத்தை அம்மன் காலடியில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் அவள் பொறுப்பாள், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்த ஊர் பாகூர் பக்கம், குருவிநத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றை ஒட்டி இருக்கிறது. அப்பாவுக்கு நெல்லும் கரும்பும் பயிர். மண்சுவர் வைத்து, கீத்துக் கூரை போட்ட வீடு. அடுப்பங்கரைக்கென்று தனிக் கூரை கிடையாது. வீட்டுக் கூரையே அக்கினி மூலையிலும் சரிந்து வந்து அடுப்பின் மேல் கவிந்திருக்கும். வெயில் காலத்தில் அம்மா தோட்டத்தில் கல் கூட்டிச் சமைப்பாள். ஐப்பசி பிறந்துவிட்டால் உள்ளேதான். ஈரச் சவுக்கு விறகு, நனைந்த வராட்டி, கரும்புச் சோகை, இவைதான் எரிக்க. அப்போதெல்லாம் எங்கள் ஊரில் காஸ் அடுப்பு வாத்தியார் வீட்டில் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் புகை கூரைக்கு அடியிலேயே சுற்றிச் சுற்றி வந்து, கீத்து இடுக்கு வழியாக மெல்லக் கசியும். தெருவிலிருந்து பார்த்தால் வீடே போர்த்திக்கொண்டு வேது பிடிப்பது போல இருக்கும்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா இருமிக்கொண்டுதான் இருந்தாள். எல்லா அம்மாவும் இருமுவார்கள் என்றே நினைத்திருந்தேன். நான் நாலாவது படிக்கும்போது அவளுக்கு ஒரு மழைக்காலத்தில் மூச்சே நின்றுவிடும்போல ஆகி, அப்பா அவளைப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கையில் பிடித்துக்கொண்டுதான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மருந்து மாத்திரை எழுதினார். பிறகு அப்பாவிடம், "எத்தன மருந்து குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. இவங்க மேல இனிமே பொக படக்கூடாது. பட்டா நுரையீரல் தாங்காது" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொக இல்லாம சோறு வேவுமாங்க? டாக்டரு வூட்ல எப்டி வேவுதாம்?" அப்பா பாகூர் வந்து இறங்கும்வரை டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி விரலில் உருட்டிக்கொண்டே வந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தார். பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் கம்பெனியே அவர் ஊதித்தான் ஓடுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆஸ்பத்திரிச் சேதி கேட்டு ஓடி வந்தவர், அடுப்பங்கரையில் குந்திக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க பாய்லருல ஒரு நாளைக்கு லாரி லாரியா வெறகு எரியுது. எவன் கண்ணுலயாச்சும் தண்ணி வருதா? பொகைக்கு வழி வுட்டா அது ஏன் மாமா உள்ள குந்திக்கினு இருக்கப்போவுது? மேல ஒரு கொழா வெச்சா தீந்துது."

அப்பாவைத்தான் அவர் மாமா என்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர்க் கடையில் சிமெண்ட் குழாய் வாங்கி, பஸ் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழி நெடுக, "இன்னாபா, பீரங்கியா? எவன் மேல சண்டைக்குப் போற?" என்று கேட்டார்களாம். "ஆமா, எங்க அக்கா இருமல் மேல" என்று சொன்னாராம். அதை அவரே சொல்லி அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், எங்கள் வீட்டோடு இருந்தவள். மாமா கூரையில் எந்த இடத்தில் குழாய் வரும் என்று கழியால் குத்திக் காட்டியபோது, முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"கூரையவா பிரிக்கப்போற?"

"ஆமா அண்ணி. ஒரு ஆள் நொழையற அளவுக்கு."

"சாவு வூட்லதான்டா கூரையப் பிரிப்பாங்க. நல்லா இருக்கற வூட்ல எவனாச்சும் பிரிப்பானா? டேய் தம்பி, கேட்டுக்கினு நிக்கறியே, நீயாச்சும் வாயத் தொறயேன்டா!"

அவள் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம். சில நட்சத்திரத்தில் ஒருவர் இறந்துபோனால் அதை அடைப்பு என்பார்கள். அந்த உடம்பை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. கூரையில் ஒரு பக்கத்தைப் பிரித்து, அந்த வழியாகத்தான் வெளியே இறக்குவார்கள். பிறகு அந்த வீட்டைச் சில மாசம் பூட்டியும் போட்டுவிடுவார்கள். அத்தையின் புருஷன் அப்படி ஒரு நாளில்தான் போனார். பிரித்த கூரை வழியாக அவரை இறக்கினதை அத்தை முற்றத்தில் நின்று பார்த்தாள். வீட்டைப் பூட்டினார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு, அடைப்பு தீர்ந்ததும் போய்விடுகிறேன் என்று தம்பி வீட்டுக்கு வந்தாள். போகவே இல்லை. இது எல்லாம் எனக்கு அப்போது தெரியும். தெரிந்தும், அத்தை என்றால் எதற்கெடுத்தாலும் தடை சொல்கிறவள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கண்ணுக்குள் அந்தக் கூரை இன்னும் திறந்தே கிடக்கிறது என்பது எனக்கு எட்டவில்லை.

உள்ளே அம்மா இருமுவது கேட்டது. "போடு மச்சான்" என்றார் அப்பா.

மாமா வேலை செய்ததை ஒன்று விடாமல் பார்த்தேன். விளையாட்டுப் பேச்சுக்காரரே தவிர, வேலையில் இறங்கினால் வாய் மூடிவிடும். பழைய அடுப்பை இடித்து, செங்கல்லும் களிமண்ணும் வைத்து, மண்ணில் உமியும் சாணியும் பிசைந்து, இரண்டு பானை உட்காருகிற மாதிரி புது அடுப்பு கட்டினார். அம்மாவின் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் வாங்கி, ஈர மண்ணில் அழுத்தி அழுத்தி, அவற்றின் வயிற்றுக்குச் சரியாகப் பள்ளம் எடுத்தார். பானைக்கும் அடுப்புக்கும் நடுவில் விரல் நுழைந்தால் அந்த வழியாகவும் புகை வருமாம். அடுப்பின் பின்பக்கம் குழாய் எழும்பியது. அதன் அடியில் ஒரு செங்கல்லை மட்டும் பூசாமல் விட்டார். மாசத்துக்கு ஒரு தரம் அதை உருவி, உள்ளே சேர்கிற கரியை வழித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் கரியே ஒரு நாள் தீப்பிடிக்கும் என்று அம்மாவிடம் மூன்று தரம் சொன்னார்.

கூரையில்தான் அவர் அதிகம் பயந்தார். கீத்துக்குப் பக்கத்தில் சூட்டுக் குழாய் போனால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழாய் வருகிற இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு கை நீளத்துக்குக் கீத்தைக் கழித்து எடுத்தார். அந்த இடத்தில் தகரம் அடித்தார். தகரத்தின் நடுவில் ஓட்டை போட்டு, உடைந்துபோன பெரிய நெல்லுப் பானையின் கழுத்தை அதில் வைத்து, அதற்குள் குழாயை நிறுத்தினார். கழுத்துக்கும் குழாய்க்கும் நடுவில் மணலும் களிமண்ணும் கலந்து அடைத்தார். "நெருப்பும் கீத்தும் மொகத்துல மொகம் முழிக்கக் கூடாதுக்கா. நடுவுல மண்ணு இருக்கணும்" என்றார். குழாயை வீட்டு முகட்டுக்கு மேலே நன்றாகத் தெரிகிற உயரத்துக்கு ஏற்றினார். தாழ்வாக விட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும், பொறியும் கூரையிலேயே விழும். கடைசியாக, மழை இறங்காமல் இருக்கத் தகரத்தில் ஒரு குல்லா செய்து மூன்று காலில் மாட்டினார்.

வேலை நடந்த அத்தனை நேரமும் அத்தை வாசற்படியில் சூடத்தை ஏற்றி வைத்துக்கொண்டு, அது அணைய அணைய இன்னொன்று வைத்துக்கொண்டிருந்தாள்.

மண் காய்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பால் காய்ச்சினாள். நான் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து நின்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குல்லாவுக்குக் கீழே மெல்லிசாக ஒரு இழை கிளம்பி, ஆற்றுப் பக்கம் சாய்ந்து போனது. பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாடி, உங்க வூட்லயும் சக்கர மில்லு வெச்சிட்டீங்களா? கரும்ப இங்கியே கொண்டாந்து எறக்கலாமா?" என்று கத்தினாள். நான் திரும்ப உள்ளே ஓடினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா முகத்தை நான் அப்படி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எப்போதும் முந்தானை பாதியும் புகை பாதியும் மறைத்திருக்கும்.

அடுத்து வந்த ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் அம்மாவின் நல்ல காலம். மழை நாளில் உள்ளே சமைத்தும் இருமல் குறைந்தது. இரவில் படுத்தால் விடியும்வரை தூங்கினாள். சமைக்கும்போது அம்மன் தாலாட்டை முணுமுணுப்பாள். மூச்சு அறுபடாமல் ஒரு அடி முழுசாக வந்துவிட்டால் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள். அத்தைகூடக் கூரையைப் பார்ப்பதை விட்டிருந்தாள்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு காற்றில் தகரக் குல்லா பறந்து எங்கோ கரும்புக்குள் விழுந்தது. அந்த வாரமே அப்பா வயலிலிருந்து வந்து, சாப்பாடு வேண்டாம் என்று படுத்தார். மறுநாள் கண் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தியம் வைத்தார்கள். மஞ்சள் இறங்கவில்லை. உள்ளங்கை, நகம், பாய்மேல் பட்ட வேர்வை எல்லாம் மஞ்சள். வந்து பார்த்த ஊர்க்காரர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு, அப்படியே அக்கினி மூலைப் பக்கம் கூரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, மேலே பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப் பேச்சு குழறிய அன்றைக்கு அவரை வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏற்பாடு செய்தார்கள். வண்டி வரத் தாமதமானது. மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நான் மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா தோட்டத்துப் பக்கம் ஏணியைச் சாய்த்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கூரை ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு மண்சட்டி. சட்டிக்குள் பிசைந்த களிமண்.

"இன்னாம்மா பண்ற?"

"மழ உள்ள உழுதுடி. மூடறேன்."

சட்டியைக் குழாயின் வாயில் கவிழ்த்தாள். சுற்றிலும் மண்ணை அப்பினாள். காற்றுப் போகாதபடி விரலால் தடவித் தடவிப் பூசினாள். பிறகு முகட்டுமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கோயில் இருக்கிற பக்கம் திரும்பி, மண் கையோடு கும்பிட்டாள். மழைக்கு ஓட்டையை அடைத்துவிட்டு ஏன் சாமி கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

அப்பா பிழைத்தார். ஆஸ்பத்திரியில் ஊசியும் பாட்டிலுமாக ஏற்றினார்கள். மஞ்சள் இறங்கி, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார். அம்மா வாசலில் பூசணிக்காய் உடைத்து, சூடம் சுற்றிப் போட்டாள். அப்பாவுக்குக் கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். குழாய் வழி மூடியிருந்ததால் புகை அடுப்பின் வாய் வழியாகவே குப்பென்று திரும்பியது. பழைய அடுப்புப் புகையாவது கூரை முழுக்கப் பரவி மெதுவாகப் போகும். இது நேராக முகத்தில் வந்து அடித்தது.

மாமா சேதி கேட்டு வந்தார். அப்பாவைப் பார்த்துவிட்டு, அடுப்பங்கரையில் நுழைந்தவர் இருமிக்கொண்டே வெளியே வந்து கூரையைப் பார்த்தார்.

"யாருக்கா சட்டியக் கவுத்தது?"

"நான்தான். உன் குல்லா பறந்துபோச்சு."

"குல்லா போனா வேற குல்லா. அதுக்குன்னு மண்ணுப் பூசி சமாதி கட்டுவியா? ஏணி எங்க?"

அம்மா ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதத் தொடாத."

"டாக்டரு சொன்னது மறந்துபோச்சா உனக்கு?"

"மறக்கல. உங்க மாமா எழுந்து நடக்கட்டும். அப்பறம் இன்னா வேணா செய்."

மாமா முறைத்துக்கொண்டு போனார். கார்த்திகை முடிகிறபோது மறுபடியும் வந்தார். கையில் புதுக் குல்லா இருந்தது. அன்றைக்கு அப்பா தோட்டம் வரை தானாக நடந்து போயிருந்தார்.

"நடக்கறாரு பாத்தியா. இப்ப ஏறட்டுமா?"

அதற்கு அம்மா சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "மூடனதாலதானடா நடக்கறாரு."

பாய்லரையே கட்டி ஆண்ட மாமா குல்லாவைச் சுவரோரம் வைத்தார். அப்போதுதான் நான் நினைத்தே பார்க்காதது நடந்தது. உள்ளேயிருந்து அத்தை வந்தாள். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, என் வாயில வந்தது தப்பு. என் வூட்ல நடந்தத உன் தலமேல ஏத்திட்டேன். அவன் பொழச்சது ஆஸ்பத்திரி மருந்துல. தொறந்து வுடச் சொல்லு தாயி."

"நீங்க இன்னா பண்ணுவீங்க அண்ணி. நான் அம்மன் கோயில் பக்கம் பாத்து சொல்லிட்டேன். அவரக் குடுத்துடு, இதத் தொறக்க மாட்டேன்னு. அவ குடுத்துட்டா. இப்ப நான் மாத்திப் பேசலாமா?"

"அவ தாய்மா. உன் நெஞ்ச எடுத்துக்கறேன்னா சொன்னா?"

அம்மா கையை உருவிக்கொண்டாள். "அவருகிட்ட யாரும் இதச் சொல்லாதீங்க. மழைக்கு மூடினதுன்னே இருக்கட்டும்" என்றாள். அத்தை தானே சமைக்கிறேன் என்று அகப்பையைப் பிடுங்கிப் பார்த்தாள். அதற்கும் அம்மா விடவில்லை. வேண்டுதல் என்னுடையது, உங்களுக்கு எதற்குப் புகை என்றாள்.

அப்பா ஒரு தரம் கேட்டார்தான். "கொழாயத் தொறக்கலயா?" என்று. "எனக்குத்தான் இப்ப இருமலே இல்லியே. இருக்கட்டுங்க" என்றாள் அம்மா. அவர் நம்பினார். ஆண்பிள்ளை அடுப்பங்கரைக்குள் தலை நீட்டாத காலம். அவர் வீட்டில் இருக்கிற நேரம் அம்மா இருமி அவர் கேட்டதும் இல்லை. தை, மாசி வந்து சமையல் தோட்டத்துக்குப் போனது. வெயில் காலம் ஒரு மாதிரி ஓடியது. அடுத்த ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது. மார்கழியில், அத்தை போட்ட சத்தம் கேட்டு, தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தபோது, அம்மா அடுப்புக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பானையில் பொங்கல் பாதி வெந்திருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மாமா ஏணி போட்டு ஏறினார். அரிவாள் பின்பக்கத்தால் ஒரு தட்டு. சட்டி உடைந்து கூரையில் உருண்டு விழுந்தது. குல்லாவை மாட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை அடுப்புப் பற்றவைத்தாள். புகை மேலே போனது. அந்த வீட்டைப் பிரித்துத் தளம் போடும்வரை குழாய் திறந்தேதான் இருந்தது. அத்தை அதன் கீழே உட்கார்ந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். அப்பா அதே கூரைக்குக் கீழே இருந்து என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். தளம் போட்ட பிறகு பேரப்பிள்ளைகளைத் தூக்கினார், நல்ல வயசு வாழ்ந்து போனார்.

அப்பாவின் காதில் மட்டும் கடைசிவரை யாரும் போடவில்லையே தவிர, ஊரில் இந்தக் கதையை இப்போதும் சொல்கிறார்கள். இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள், கூரையை மூடினாள், தாலி நின்றது, பத்தினி என்றால் அவள்தான் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். படித்த பிள்ளைகள், மூடநம்பிக்கையில் ஒரு பொம்பளை அநியாயமாகச் செத்தாள் என்கிறார்கள். சில பேர் பழியை அத்தைமேல் போடுகிறார்கள். நான் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு இன்றைக்கும் அம்மன்தான் துணை. ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் விளக்கேற்றுகிறேன். ஆனால் அம்மாவின் மூச்சை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று நான் நம்பவில்லை. அம்மா புகை போகிற வழியை அடைத்தாள், அது அவளிடமே வந்தது. அதற்குச் சாமி என்ன செய்யும்? அதோடு, அம்மாவை முட்டாள் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் நின்று நான் என்னவெல்லாம் தருகிறேன் என்று வேண்டினேன் என்பது எனக்குத் தெரியும். என்னை யாரும் எதையும் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்தால்தான் கிடைக்கும் என்று பட்டது, கொடுத்துக்கொண்டே போனேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி மழைக்காலத்தில் அம்மா அடுப்பு வேலைக்கு நடுவில் அடிக்கடி எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கழுத்துத் தோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகு நேரம் நிற்பாள். அவள் முதுகு குலுங்கும். பசுவும் அசையாமல் நிற்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும். பெற்ற பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்க, மாட்டோடு என்ன இவ்வளவு கொஞ்சல் என்று நினைப்பேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன், "என்னவிட உனக்கு அதுதான் பெருசா?" என்று. அம்மா திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் ஓடியது. "ஆமாடி, இது காதுல போட்டா வெளியில சொல்லாது" என்று சொல்லிச் சிரித்தாள். நான் கோபித்துக்கொண்டு அன்று ராத்திரி அத்தை பக்கத்தில் படுத்தேன். வீட்டுக்குள் இருந்த அப்பாவுக்குக் கேட்காமல் இருமுவதற்கு அந்த வீட்டில் அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், போனில் வேண்டுமானாலும் அனுப்புங்கள். விறகு அடுப்பு வைத்திருக்கிற வீடு இன்னும் எங்காவது இருந்தால், புகைக்குழாய் எப்படி வைக்க வேண்டும் என்று எங்கள் மாமா செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அம்மாவைத் தெய்வமாக்கி எழுத வேண்டாம். அத்தையைக் கெட்டவளாக்க வேண்டாம். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதை விட்டுவிடாதீர்கள். பசுவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அம்மா நின்றதையும் விட்டுவிடாதீர்கள்.